16 வயசுக்கு கீழ இன்ஸ்டா கிடையாது: ஆஸ்திரேலியா சட்டம் யாரைப் பிடிக்குது, யாரை விடுது

ஃபேமிலி குரூப்ல மூணு விஷயம் சுத்திட்டு இருக்கு. ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்குள்ள பசங்க இனி போன்லயே கை வைக்கக்கூடாதாம். ரெண்டு, வச்சா அப்பா அம்மாவுக்கு கோடிக்கணக்குல ஃபைனாம். மூணு, நம்ம மதுரை ஹைகோர்ட்டும் அதே மாதிரி இந்தியாவுல தடை போட்டுடுச்சாம்.

மூணுமே தப்பு. ஆனா மூணுக்கும் பின்னாடி ஒரு நிஜ விஷயம் இருக்கு, அது ஃபார்வர்டு ஆகி ஆகி உருவம் மாறிப்போச்சு. அதனால அடிப்படையில இருந்தே பாத்துடலாம்.

சட்டத்துல என்ன இருக்கு

ஆஸ்திரேலியா பார்லிமெண்ட் 2024 நவம்பர் கடைசியில ஒரு சட்டத் திருத்தம் நிறைவேத்துச்சு. மசோதாவைக் கொண்டுவந்து சுமார் ஒரு வாரத்துலயே வேலை முடிஞ்சிடுச்சு, பொதுமக்கள் கருத்து சொல்ல குடுத்த டைம் ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாள்ல சுமார் 15,000 பேர் எழுதிப் போட்டாங்க, அதை எல்லாம் யாரு எப்ப படிச்சாங்கன்னு கேட்கக்கூடாது. கம்பெனிகள் ரெடியாக ஒரு வருஷம் டைம் குடுத்துட்டு, 2025 டிசம்பர் 10ல இருந்து அமலுக்கு வந்துச்சு.

சாரம் இதுதான்:

1. 16 வயசு ஆகாதவங்க குறிப்பிட்ட சோஷியல் மீடியாவுல அக்கவுண்ட் வச்சிருக்காம தடுக்க, அந்தந்த கம்பெனி "நியாயமான நடவடிக்கை" எடுக்கணும். புது அக்கவுண்ட் மட்டும் இல்ல, ஏற்கனவே இருக்குறதும் போகணும்.

2. எடுக்கலைன்னா கோர்ட் மூலமா அதிகபட்சம் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். நம்ம காசுக்கு சுமார் 300 கோடி ரூபா.

3. புள்ளைக்கும் தண்டனை இல்ல, பெத்தவங்களுக்கும் இல்ல. பையன் எப்படியோ டபாய்ச்சு உள்ள போயிட்டாலும் போலீஸ் வீட்டுக்கு வராது, கேள்வி கம்பெனிக்குத்தான்.

4. "நான் அம்மா, நான் பர்மிஷன் தர்றேன்" அப்படின்னாலும் செல்லாது. பெத்தவங்க சம்மதம்ங்கற வழியே இந்தச் சட்டத்துல கிடையாது.

இந்த நாலாவது பாயிண்டுதான் மத்த நாட்டுச் சட்டங்கள்ல இருந்து இதைப் பிரிச்சுக் காட்டுது. அப்புறம் முதல் பாயிண்டுல இருக்குற "அக்கவுண்ட்"ங்கற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. சட்டம் தடுக்குறது அக்கவுண்டை, பாக்குறதை இல்ல. பாதி குழப்பம் அங்கதான் தொடங்குது.

13ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சு

இன்ஸ்டா, ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் எல்லாமே ரொம்ப நாளா "13 வயசு ஆகியிருக்கணும்"னு கேக்குதுல்ல, யாரோ குழந்தை மனநல டாக்டருங்க உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. 1998ல அமெரிக்கா குழந்தைகளோட ஆன்லைன் தகவல் பாதுகாப்புக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு. 13 வயசுக்கு கீழ இருக்குற புள்ளையோட பேரு, அட்ரஸ் மாதிரி தகவலை ஒரு வெப்சைட் வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு அதுல இருக்கு. முதல்ல மசோதாவுல இருந்தது 16. எதிர்ப்பு வந்து பேரம் பேசி 13க்கு இறங்குச்சு.

கம்பெனிகள் என்ன பண்ணாங்க? சம்மதம் வாங்குறது தலைவலி, அதுக்குப் பதிலா 13க்கு கீழ யாரையும் சேக்க மாட்டோம்னு கண்டிஷன்ல ஒரு வரி எழுதி, பிறந்த தேதி கேக்குற ஒரு கட்டத்தை வச்சுட்டு வேலையை முடிச்சுட்டாங்க. அந்தக் கட்டத்துல யாரு என்ன போட்டாலும் ஏத்துக்கும். விரலால ஒரு தள்ளு தள்ளுனா வருஷம் சக்கரம் மாதிரி சுத்திட்டு 1990ல போய் நிக்கும், பத்து வயசுப் புள்ள 35 வயசு ஆளா உள்ள போயிடும். இருபது வருஷத்துக்கும் மேல உலகம் பூரா வயசு சோதனைன்னு நடந்தது இவ்வளவுதான்.

ஆஸ்திரேலியா ரெண்டு விஷயத்தை மாத்துச்சு, நம்பரை 16 ஆக்குச்சு, அந்தக் கட்டத்தை மட்டும் நம்பக்கூடாதுன்னு சொல்லுச்சு. நியூஸ்ல எல்லாம் நம்பரைத்தான் பெருசா போட்டாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய விஷயம்.

எந்த ஆப் உள்ள, எந்த ஆப் வெளிய

தொடங்கும்போது பட்டியல்ல இருந்தது பத்து: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெட்டிட், கிக், ட்விச்.

வெளிய இருக்குறது வாட்ஸாப், மெசஞ்சர், டிஸ்கார்டு, ராப்லாக்ஸ், யூடியூப் கிட்ஸ், கூகுள் கிளாஸ்ரூம், பிண்டரெஸ்ட் இந்த மாதிரி. ரூல் என்னன்னா, ஆளுங்க ஒருத்தரோட ஒருத்தர் பழகுறதும் போஸ்ட் போடுறதும்தான் ஒரு ஆப்போட முக்கியமான வேலைன்னா உள்ள. மெசேஜ், கால், கேம், படிப்பு, உடம்பு சம்பந்தப்பட்ட உதவி இதுதான் முக்கிய வேலைன்னா வெளிய.

சிட்னில வென்ட்வொர்த்வில், டூங்கேபி பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க வீட்டுல இருந்து வர்ற முதல் கேள்வி, "ஊர்ல இருக்குற தாத்தா பாட்டி கூட பேசுற வாட்ஸாப் போயிடுமா?" போகாது. வீடியோ கால், ஃபேமிலி குரூப், பாட்டி அனுப்புற குட் மார்னிங் படம் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனா பட்டியல் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. முன்பின் தெரியாத ஆள் குழந்தைகிட்ட பேச்சு குடுக்குறதுதான் பெரிய பயம்னா, ராப்லாக்ஸ் மாதிரி கேம்ல அது நடக்காதா? அது கேமுங்கற கணக்குல வெளிய நிக்குது. யூடியூபுக்கு முதல்ல விலக்கு தர்றதா சொன்னாங்க, படிப்புக்கு உதவுதுன்னு. அப்புறம் அங்க இருக்குற இணையப் பாதுகாப்பு ஆணையர் ஜூலி இன்மன் கிராண்ட் அந்த விலக்கு கூடாதுன்னு சொன்னதும் 2025 ஜூலைல அதையும் உள்ள தள்ளிட்டாங்க.

இப்ப அந்த "அக்கவுண்ட்" விஷயத்துக்கு வருவோம். பதினாலு வயசுப் பொண்ணு லாகின் பண்ணாம யூடியூப் திறந்து வீடியோ பாக்கலாம், சட்டப்படி தப்பே இல்ல. ஆனா லாகின் இல்லாதப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. பெத்தவங்க அந்த அக்கவுண்ட்ல போட்டு வச்சிருந்த கண்ட்ரோல், வயசுக்கு ஏத்த மாதிரி வடிகட்டுறது, "ரொம்ப நேரம் ஆச்சு, எந்திரி"ன்னு ஞாபகப்படுத்துறது எல்லாமே அக்கவுண்டோட கட்டுனது. அக்கவுண்ட் போனா அதுவும் போச்சு. இந்தச் சட்டத்தால புள்ளைங்களுக்குப் பாதுகாப்பு குறையும்னு யூடியூப் கத்துனதுக்கு காரணம் இதுதான். அவங்க யாவாரத்துக்காகத்தான் கத்துறாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனாலும் சொன்ன விஷயம் பொய் இல்ல. இந்தப் பக்கம் அரசாங்கம் சொல்றதும் சரிதான்: லைக், கமெண்ட், நோட்டிஃபிகேஷன், ஒவ்வொருத்தனோட ருசியையும் தெரிஞ்சுக்கிட்டு அடுத்தடுத்து வீடியோவைத் தள்ளுற அந்த அல்காரிதம், இது எல்லாம் அக்கவுண்ட் இருந்தாத்தான் முழு வேகத்துல ஓடும். அதை அறுத்தா பாதி இழுப்பு குறையும்ங்கறது அவங்க கணக்கு.

வயசை எப்படிக் கண்டுபிடிப்பாங்க

சட்டத்தோட மொத்த பாரமும் இந்தக் கேள்வி மேலதான் உக்காந்திருக்கு. வழி மூணு இருக்கு.

1. சரிபார்ப்பு. பாஸ்போர்ட், லைசென்ஸ் மாதிரி ஆவணத்தைக் காட்டுறது, இல்லன்னா பேங்க் மூலமா "இவர் வயசு வந்தவர்தான்"னு உறுதி பண்றது. துல்லியமானது இதுதான், ஆளுங்க பயப்படுறதும் இதுக்குத்தான். அதனாலதான் ஆஸ்திரேலியா சட்டத்துலயே ஒரு கண்டிஷன் போட்டாங்க, அரசாங்க அடையாள அட்டை ஒண்ணுதான் வழின்னு எந்த கம்பெனியும் கட்டாயப்படுத்தக்கூடாது, வேற வழியும் கண்டிப்பா தரணும்.

2. மதிப்பீடு. கேமரா முன்னாடி முகத்தைக் காட்டுனா சாஃப்ட்வேர் வயசை யூகிக்கும். இது ஆளை அடையாளம் கண்டுபிடிக்குற வேலை இல்ல, "இந்த முகம் சுமாரா எத்தன வயசு"ன்னு மட்டும் சொல்லும். 9 வயசுக்கும் 30 வயசுக்கும் வித்தியாசம் நல்லா சொல்லிடும். 15 வயசு 11 மாசத்துக்கும் 16 வயசு ஒரு மாசத்துக்கும்? வாய்ப்பே இல்ல, மனுஷங்களாலயே முடியாது. மீசை சீக்கிரம் முளைச்ச 14 வயசுப் பையன் உள்ள போயிடுவான், குட்டியா இருக்குற 17 வயசுப் பொண்ணு வெளிய நிப்பா. அப்படி வெளிய நிக்குறவங்க அப்பீல் பண்ண வழி இருக்கணும்.

3. அனுமானம். முதல் ரெண்டைவிட இதுதான் அதிகமா நடக்குது, ஆனா பலருக்குத் தெரியாது. யார்கிட்டயும் எதுவும் கேக்காமலே கம்பெனி தன்கிட்ட இருக்குற தகவலை வச்சு முடிவு பண்றது. அக்கவுண்ட் 2009லயே தொடங்குனதா? அப்ப இவர் 16 தாண்டுனவர்தான், விட்டுடு. திங்கள்ல இருந்து வெள்ளி வரை காலைல 9ல இருந்து 3 வரை சத்தமே இல்ல, மூணரைக்கு டான்னு ஆன்லைன் வருதா? ஸ்கூல் போற ஆள். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் 14, 15ஆ? "ஹேப்பி 14த் பர்த்டே டி"ன்னு யாராவது கமெண்ட் போட்டிருக்காங்களா? யூனிஃபார்ம் போட்ட போட்டோ இருக்கா? இதை எல்லாம் சேத்துப் பாத்து "இவ 16க்கு கீழ"ன்னு முடிவு பண்ணா, அப்புறம்தான் முகமோ ஐடியோ கேப்பாங்க. அதனாலதான் அங்க இருக்குற பெரியவங்க நிறைய பேருக்கு ஒரு சோதனையும் வராது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. பதிமூணு வயசுப் புள்ளைக்கு எந்த ஷூ விளம்பரம் காட்டலாம்னு கம்பெனிக்குத் தெரியும், எந்தப் பாட்டுல நிப்பா எந்த வீடியோல தள்ளிட்டுப் போவான்னு தெரியும், ஆனா "அவ வயசு என்னன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்"னு இத்தன வருஷமா கைய விரிச்சாங்க.

இந்த டெக்னாலஜி எல்லாம் வேலை செய்யுமான்னு ஆஸ்திரேலியா அரசே 48 நிறுவனத்தோட 60க்கு மேற்பட்ட முறைகளை டெஸ்ட் பண்ணிப் பாத்துச்சு, 2025 ஆகஸ்ட் கடைசியில ரிப்போர்ட் வந்துச்சு. சுருக்கமா, செய்ய முடியும், ஆனா எல்லா இடத்துக்கும் பொருந்துற ஒரே வழின்னு எதுவும் இல்ல.

அடுத்த பயம், குடுத்த போட்டோவும் ஐடியும் எங்க போகுது. வயசு பாக்க வாங்குன தகவலை வேலை முடிஞ்சதும் அழிக்கணும், வேற எதுக்கும் எடுக்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனா நிஜத்துல என்ன நடக்கலாம்ங்கறதுக்கு ஒரு உதாரணம் 2025 அக்டோபர்லயே வந்துச்சு. டிஸ்கார்டுக்கு கஸ்டமர் சப்போர்ட் வேலை பாத்த வெளி நிறுவனம் ஒண்ணுல திருட்டு நடந்து, வயசு அப்பீலுக்காக ஆளுங்க அனுப்புன சுமார் 70,000 பேரோட ஐடி போட்டோ வெளிய போயிருக்கலாம்னு கம்பெனியே சொல்லுச்சு. அதனால "ஐடி கேட்டா யோசிச்சுக் குடு"ன்னு சொல்றவங்களைப் பழமைவாதின்னு ஒதுக்கிட முடியாது.

டிசம்பர் 10க்கு அப்புறம் நடந்தது

ஃபேஸ்புக், இன்ஸ்டா, த்ரெட்ஸை நடத்துற மெட்டா கம்பெனி டிசம்பர் 4ல இருந்தே பசங்களை இறக்கிவிட ஆரம்பிச்சுடுச்சு. சில ஆப்ல போட்டோ, சாட் எல்லாம் டவுன்லோடு பண்ணிக்கிட்டு அக்கவுண்டை அழிக்கலாம், இல்லன்னா 16 ஆகுறவரை பூட்டி வைக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 2010 ஜனவரி 5ல பிறந்த பையன், டிசம்பர் 10 அன்னிக்கு வயசு 15, 11 மாசம். ரெண்டு மூணு வருஷமா தினமும் ஸ்னாப் அனுப்பி விடாம பிடிச்சு வச்சிருந்த ஸ்ட்ரீக், குரூப், போட்டோ எல்லாம் அன்னிக்கு பூட்டு. 26 நாள் கழிச்சு பிறந்தநாள், கதவு திறந்துடும். இவனுக்கு இந்தச் சட்டத்தால என்ன கிடைச்சுது? எரிச்சல்தான். இதே வீட்டுல எட்டு வயசுத் தங்கச்சி இருந்தா அவ கதை முழுசா வேற. அவளுக்கு இன்னும் அக்கவுண்டே இல்ல, இழக்க எதுவும் இல்ல. இந்தச் சட்டம் சரியா வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரிய அவளைத்தான் பாக்கணும், அதுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும்.

2026 ஜனவரி நடுவுல அரசாங்கம் ஒரு நம்பர் சொல்லுச்சு, எல்லா கம்பெனியும் சேந்து சுமார் 47 லட்சம் அக்கவுண்டை நீக்கவோ முடக்கவோ செஞ்சிருக்காங்கன்னு. மெட்டா மட்டும் கிட்டத்தட்ட 5.5 லட்சம். கேக்க பெருசா இருக்கு, ஆனா அக்கவுண்டும் புள்ளையும் ஒண்ணு இல்ல. ஒரே பையனுக்கு ஆறு ஆப், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஐடி, தூங்கிக்கிட்டு இருக்குற பழைய அக்கவுண்ட் எல்லாம் அதுல உண்டு. 47 லட்சம் அக்கவுண்ட் போச்சுன்னா 47 லட்சம் பசங்க வெளிய வந்துட்டாங்கன்னு படிக்கக்கூடாது.

ஓட்டை இருக்கா? இருக்கு. வீபிஎன் போட்டு வேற நாட்டுல இருக்குற மாதிரி காட்டுறது, அண்ணன் முகத்தைக் காட்டுறது, அம்மாவே "போய்த் தொலை"ன்னு தன் முகத்தைக் காட்டி திறந்து விடுறது. இன்னொண்ணு, பட்டியல்ல இல்லாத புது ஆப்புக்குத் தாவுறது. லெமன்8, யோப் மாதிரி ஆப்புங்க திடீர்னு டவுன்லோடு வரிசைல மேல வந்துச்சு. பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும்னு அதிகாரிங்க முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க. எலி ஓடுனா பூனையும் ஓடணும், வேற வழியில்ல.

கோர்ட்லயும் கேஸ் போகுது. அங்க அரசியல் கருத்துப் பரிமாற்றத்துக்கு, அரசியலமைப்புல நேரடியா எழுதாட்டியும் உள்ளடங்கி இருக்குறதா கோர்ட் ஏத்துக்கிட்ட சுதந்திரத்தை இது பறிக்குதுன்னு 15 வயசு பசங்க ரெண்டு பேரை முன்னிறுத்தி ஒரு அமைப்பும், தனியா ரெட்டிட் கம்பெனியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்காங்க.

வீட்டுக்குள்ள என்ன மாறுது

பெத்தவங்களுக்கு இந்தச் சட்டம் குடுக்குறது ஒரு ஆயுதம்னு சொல்றதைவிட ஒரு சாக்குன்னு சொல்லலாம், நல்ல சாக்கு. எல்லா வீட்டுலயும் நடக்குற சண்டை ஒண்ணுதான். "எங்க கிளாஸ்ல எல்லாருகிட்டயும் இருக்கு, எனக்கு மட்டும்தான் இல்ல." இதுக்கு ஒத்த வீட்டால பதில் சொல்ல முடியாது, ஏன்னா அவ சொல்றது நிஜம். முப்பது பேர் ஸ்னாப்சாட்ல இருக்கும்போது ஒருத்திய மட்டும் நிறுத்துனா அவதான் தனியா நிப்பா, பிறந்தநாள் பார்ட்டிக்கு எங்க கூடுறாங்கன்னு கூட தெரியாது. முப்பது பேரும் ஒரே நாள்ல வெளிய வந்தா அந்தத் தனிமை இல்ல. சட்டத்தால மட்டுமே செய்யக்கூடிய வேலைன்னா இதுதான், மத்தது எல்லாம் வீட்டுல கூட செஞ்சுடலாம்.

செலவும் இருக்கு. ஊருக்கு வெளிய தூரமா இருக்குற பசங்க, உடம்பு முடியாம வீட்டுலயே இருக்குறவங்க, தன்னை மாதிரி ஆளு பக்கத்துல யாருமே இல்லாதவங்க, இவங்களுக்கு அந்த ஆப்தான் வாசல். அதை மூடுறப்ப வேற வாசல் எதுன்னு யாரும் சரியா சொல்லல. 2024 அக்டோபர்ல 140க்கு மேற்பட்ட ஆய்வாளர்கள், நிபுணர்கள் சேந்து அரசாங்கத்துக்கு எழுதுன கடிதமும் வயசை வச்சு மொத்தமா தடுக்குறது மொட்டைக் கத்தி மாதிரின்னு தான் வாதாடுச்சு.

சரி, கெடுதல்னு நிரூபணம் இருக்கான்னா, பாதி. 2023ல அமெரிக்க சர்ஜன் ஜெனரலா, அதாவது அரசோட தலைமைப் பொதுச் சுகாதார டாக்டரா இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கைல, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல சோஷியல் மீடியாவுல இருக்குற பசங்களுக்கு மனச்சோர்வு, பதட்டம் மாதிரி அறிகுறி வர்ற ஆபத்து ரெண்டு மடங்குன்னு ஒரு ஆய்வைக் காட்டியிருந்தார். ஆனா போன் பாத்ததால சோர்வு வந்துச்சா, சோர்வா இருக்குற புள்ள போனுக்குள்ள போச்சாங்கறது அந்த மாதிரி ஆய்வுல முழுசா பிரியாது. அந்த எச்சரிக்கையே அதை ஒத்துக்குது.

மத்த நாடுங்க

மலேசியா 16னு அறிவிச்சிருக்கு. டென்மார்க் 15, ஆனா பெத்தவங்க நினைச்சா 13லயே விடலாம்னு 2025 நவம்பர்ல கட்சிகளுக்குள்ள உடன்பாடு. பிரான்ஸ் கீழவை 2026 ஜனவரில 15க்கு ஓட்டு போட்டுச்சு.

ஆனா எல்லாரும் படிக்க வேண்டிய பழைய பாடம் தென் கொரியாவுல இருக்கு. 2011ல அங்க 16க்கு கீழ இருக்குற பசங்க நடு ராத்திரில இருந்து காலைல 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. பசங்க அப்பா அம்மாவோட குடியிருப்புப் பதிவு நம்பரை (நம்ம ஆதார் நம்பர் மாதிரி) போட்டு ஆடுனாங்க, கொஞ்ச நாள்ல சட்டத்துக்குள்ளயே வராத மொபைல் கேமுக்கு மாறிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு 2021ல அரசாங்கமே அதை எடுத்துடறோம்னு சொல்லிடுச்சு.

இந்தியாவுல என்ன நிலைமை

1. மதுரை. 2025 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட் மதுரை கிளை, பசங்க கண்ணுல ஆபாசப் படங்கள் சுலபமா படுறதைப் பத்தின பொதுநல வழக்குல, ஆஸ்திரேலியா மாதிரி ஒரு சட்டம் கொண்டுவர முடியுமான்னு மத்திய அரசு பாக்கலாம்னு சொல்லுச்சு. யோசனைதான், தடை இல்ல. அது வரைக்கும் குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வு வேலைய செய்யட்டும்னும் சொன்னாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல 13க்கு கீழ தடை கேட்டு வந்த மனுவை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கல, இது கொள்கை முடிவு, பார்லிமெண்ட் பக்கம் போங்கன்னு அனுப்பிடுச்சு.

2. ஏற்கனவே கையில இருக்குற சட்டம். பல பேருக்குத் தெரியாது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023படி குழந்தைன்னா 18க்கு கீழ. அந்த வயசுல இருக்குறவங்க தகவலை எந்த கம்பெனி எடுத்தாலும் பெத்தவங்களோட சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேணும், அவங்களைப் பின்தொடர்ந்து நடத்தையை கவனிக்குறதும் குறி வச்சு விளம்பரம் காட்டுறதும் கூடாது. மீறுனா 200 கோடி ரூபா வரை அபராதம். விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாசம் டைம், அதாவது 2027 மே.

இந்த 18ங்கற நம்பரும் குழந்தை வளர்ச்சியைப் பாத்து வந்தது இல்ல. 2018ல நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டியே, 18 கொஞ்சம் அதிகமாத் தெரியலாம், ஆனா நம்ம ஒப்பந்தச் சட்டத்துல மேஜர்னா 18, அதோட ஒத்துப்போகணும்னு எழுதியிருந்துச்சு. அமெரிக்கா 13 மாதிரியே தான், நம்பர் வந்தது சட்டப் புஸ்தகத்துல இருந்து.

ஆஸ்திரேலியாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கன்னா, அங்க அம்மா சம்மதிச்சாலும் கதவு திறக்காது, இங்க அம்மா சம்மதம்தான் சாவி. இப்ப கேள்வி, சம்மதம் குடுத்தது அம்மாதான்னு எப்படித் தெரியும்? கம்பெனிகிட்ட ஏற்கனவே இருக்குற விவரம், பெத்தவங்களா குடுக்குற அடையாளம், இல்லன்னா டிஜிலாக்கர் மாதிரி வழில வர்ற டோக்கன்னு விதில இருக்கு. இது எல்லாம் அந்தம்மா வயசு வந்த ஆள்னு உறுதி பண்ணும். இந்தப் புள்ளைக்கு அம்மாவான்னு உறுதி பண்ணாது. அதுக்கும் முன்னாடி, எதிர்ல இருக்குறது 18க்கு கீழன்னு கம்பெனிக்கு முதல்ல தெரியணும். மறுபடி அதே பிறந்த தேதி சக்கரம்.

3. நம்ம வீட்டு போன். ஆஸ்திரேலியாவுல யோசிச்ச முறை எல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு போன்னு வச்சுக்கிட்டு யோசிச்சது. இங்க ஒரு வீட்டு போன்ல பகல்ல அம்மா சமையல் வீடியோ, சாயந்திரம் பொண்ணு ரீல்ஸ், ராத்திரி அப்பா நியூஸ், எல்லாம் அம்மா நம்பர்ல தொடங்குன ஒரே அக்கவுண்ட். நடத்தையை வச்சு வயசை அனுமானிக்கிற சாஃப்ட்வேர் இதைப் பாத்தா என்ன முடிவுக்கு வரும்? நாப்பது வயசு ஆள், ராத்திரி அரசியல் பாக்குறார், நடுவுல ஸ்லைம் வீடியோவும் பிடிக்கும்.

பிறந்த வருஷம் தப்பா இருந்தா என்ன ஆகும்

புதுச் சட்டம் எதுவும் வராமலே இன்னிக்கே பாதிக்குற விஷயம் இது, அதனால கொஞ்சம் விரிவா.

இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பர்ல டீன் அக்கவுண்ட்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு, இந்தியாவுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு. 13ல இருந்து 17 வரை இருக்குறவங்க அக்கவுண்ட் தானாவே பிரைவேட் ஆகும், தெரியாத ஆள் மெசேஜ் பண்ண முடியாது, ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரை நோட்டிஃபிகேஷன் அமைதியா இருக்கும், 16க்கு கீழன்னா இதைத் தளர்த்த பெத்தவங்க ஓகே சொல்லணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா பிறந்த தேதியை நம்பித்தான் முக்கால்வாசி ஓடுது.

2020 லாக்டவுன்ல ஆன்லைன் கிளாஸுக்காக முதல்முறையா கையில போன் வந்த புள்ளைய எடுத்துக்கோங்க. 2011ல பிறந்தவ, அப்ப வயசு 9. சித்தி பொண்ணு உதவியோட இன்ஸ்டா தொடங்குறா, 13 ஆகணும்னு கேக்குது, சும்மா 2005ன்னு போடுறாங்க. 2023ல அவளுக்கு நிஜ வயசு 12. இன்ஸ்டாவுக்கு அவ 18 முடிஞ்ச மேஜர். டீன் அக்கவுண்ட் வந்தப்ப அவ பக்கமே வரல, தெரியாதவன் மெசேஜ் போடலாம், பெரியவங்களுக்கு வர்ற விளம்பரமும் வரும், அப்பாவோ "டீன் அக்கவுண்ட் தான் இப்ப எல்லாருக்கும் தானா வந்துடுச்சே"ன்னு நம்பிட்டு உக்காந்திருப்பார்.

இதை சரி பண்ண ஆப்புக்குள்ள செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் செண்டர், அதுல பர்சனல் டீடெய்ல்ஸ், அதுல பிறந்த தேதி. திருத்தும்போது 13க்கு கீழன்னு போட்டா அக்கவுண்டே போகும், மேலன்னா டீன் அக்கவுண்டுக்குள்ள போகும். புள்ளைய பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பண்ணுங்க, திருட்டுத்தனமா பண்ணா அடுத்த அக்கவுண்ட் உங்க கண்ணுக்கே வராது.